தம்பியின் பதக்கம்

பர்மா சண்டைக்கு எல்லப்பனும் போனான், தம்பி தேசிங்கும் போனான். தம்பி செத்தான், சர்க்கார் அவன் பெயருக்குப் பதக்கம் அனுப்பியது. எல்லப்பன் உயிரோடு வந்தான். அவனுக்குக் கிடைத்தது மலேரியா மட்டும்தான். திருவொற்றியூர்க் குப்பமே அந்தப் பதக்கத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டது. அமாவாசைதோறும் அம்மா கூரைமேல் சோறு வைத்து, "தேசிங்கு, வாடா கண்ணு" என்று கூப்பிடுவாள். காக்கைகூட அந்தப் பெயருக்குத்தான் வந்தது. எல்லப்பனுக்கு வயிறு எரியும்.

ஓர் அமாவாசையன்று பதக்கத்தை எடுத்துத் தன் சட்டையில் குத்திக்கொண்டு கரைக்குப் போனான். வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நின்றார்கள்.

"இன்னா தேசிங்கு, எப்ப வந்தே?" என்றார் பெரியவர் சுப்புராயன். கேலி செய்கிறாரோ என்று பார்த்தான். அவர் கண் கலங்கியிருந்தது.

எல்லப்பன் மறுக்கவில்லை. ஆளாளுக்கு அவனைக் கட்டிக்கொண்டார்கள். டீ வாங்கிக் கொடுத்தார்கள். பர்மாவைப் பற்றி முதல்முறையாக அவனிடம் கேட்டார்கள். அவனும் மனம் குளிரச் சொன்னான்.

வீட்டில் அம்மா அவன் கன்னத்தைத் தடவினாள். "குந்துடா தேசிங்கு, சோறு போட்றேன். மொதல்ல உங்க அண்ணனுக்கு வெச்சிட்டு வந்துர்றேன்."

வெளியே போய்க் கூரைமேல் சோறு வைத்தாள். "எல்லப்பா, வாடா கண்ணு!"

அவன் பதறிப்போய்ப் பதக்கத்தைக் கழற்றினான். "நான் இங்கதாம்மா கீறேன்!"

அம்மா திரும்பவில்லை. காக்கை சாப்பிட ஆரம்பித்திருந்தது.