எதிர்வீட்டுச் சண்டை

"வாய் இருக்கா, இல்ல கையோட சேர்ந்து அதுவும் படுத்துடுச்சா?"

எதிர்வீட்டு மால்சுன்னின் குரல் இரண்டு கதவுகளைத் தாண்டி வந்தது. யோன்ஹீக்குக் காதைப் பொத்திக்கொள்ளலாம் போலிருந்தது.

சியோலை விட்டு பூசானுக்குக் குடிவந்த புதிதில், கீழே மளிகைக் கடைக்காரர் சொல்லியிருந்தார். "இந்த ஊர்ல கொஞ்சினாலும் சண்டை மாதிரிதான் கேட்கும். பயந்துடாதீங்க."

ஆனால் இது கொஞ்சல் இல்லை. பக்கவாதத்தில் வலது கையும் பேச்சும் போய், போன மாதம்தான் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியவர், மீன்பிடிப் படகு ஓட்டிக்கொண்டிருந்த தொக்பே. அவரைக் கட்டிய மனைவியே இப்படித் தினமும் வறுத்தெடுப்பதா?

"உன் படகெல்லாம் ஒரு படகா? சோப்பு டப்பாவுக்கு இன்ஜின் வச்ச மாதிரி! பார்த்த மீனெல்லாம் சிரிச்சிருக்கும்!"

"அ... அடிப் போடி! கிறுக்கி!"

தொக்பேயின் குரல் வெடித்தது. அதற்கு மேல் யோன்ஹீயால் பொறுக்க முடியவில்லை. அடுப்பிலிருந்த பூசணிக் கஞ்சியைக் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டு கிளம்பினாள். இன்றைக்குக் கேட்டுவிடுவது என்று முடிவு.

கதவைத் திறந்த மால்சுன்னின் முகமெல்லாம் சிரிப்பு.

சண்டை போட்டுவிட்டுச் சிரிப்பு வேறா!

"வா வா யோன்ஹீ! கஞ்சியா? இவருக்கு ரொம்பப் பிடிக்கும்."

தொக்பே ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தார். முகம் இன்னும் சிவந்திருந்தது. யோன்ஹீயைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார்.

"அக்கா, தப்பா நினைச்சுக்காதீங்க. உடம்பு முடியாதவரை இப்படியா பேசறது? கேட்கிற எனக்கே வயிறு எரியுது!"

மால்சுன் அவள் கையைப் பிடித்துச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போனாள். கதவைச் சாத்தினாள்.

"சத்தமாப் பேசாதே. அவருக்குத் தெரியக் கூடாது."

"என்ன தெரியக் கூடாது?"

"ஆஸ்பத்திரில பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு பொண்ணு வரும். டம்ளரைக் காட்டி 'இது என்ன?'ன்னு கேட்கும். இவருக்கு வேர்த்து ஊத்துமே தவிர, வார்த்தை வராது. ஒருநாள் அது கையிலிருந்து டம்ளர் நழுவி இவர் கால்மேல விழுந்துச்சு. பளிச்சுன்னு ஒரு கெட்ட வார்த்தை! அந்தப் பொண்ணு கோவிச்சுக்காம கை தட்டுச்சு."

"கை தட்டுச்சா?"

"ஆமா! மூளைல யோசிச்சுப் பேசற பக்கம்தான் அடிபட்டிருக்காம். யோசிக்காம தானா வர்றது இருக்கே, திட்டு, பாட்டு இதெல்லாம், அதுக்கு வேற வழி இருக்குமாம். 'எப்படியாவது வாயைத் திறக்க வைங்க, மத்தது மெதுவா வரலாம்'னு சொல்லுச்சு. பாட்டுன்னா இவருக்கு நல்லா இருந்தப்பவே வராது. அதான் திட்டுல இறங்கிட்டேன்."

இத்தனை நாளாக இந்தப் பெண்ணையா மனத்துக்குள் ராட்சசி என்று திட்டிக்கொண்டிருந்தோம்?

"மன்னிச்சிடுங்க அக்கா."

"மன்னிப்பெல்லாம் இருக்கட்டும். தினமும் புதுசா என்னத்தைச் சொல்லிச் சீண்டறதுன்னு யோசிச்சே என் மூளை காஞ்சு போச்சு. உனக்கு ஏதாவது தோணுதா?"

யோன்ஹீ தயங்கினாள். "அவங்க அம்மாவைப் பத்தி ஏதாவது..."

"அய்யய்யோ! அதுக்கு மனுஷன் எழுந்தே வந்துடுவார். அதை நடக்கப் பழகறப்போ வச்சுக்கலாம்!"

இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

"கொஞ்சம் இவர்கிட்ட இரு. கீழே போய் டோஃபு வாங்கிட்டு ஓடி வந்துடறேன்" என்று பையை எடுத்த மால்சுன், வாசலில் நின்று உள்ளே குரல் கொடுத்தாள். "ஏய்யா, நான் வர்றதுக்குள்ள கஞ்சியைச் சட்டைக்கும் ஊட்டி வை!"

"போ... போடி!"

கதவு சாத்திக்கொண்டது. தொக்பே இடது கையால் கரண்டியைப் பிடித்து மெல்லக் கஞ்சியைக் குடித்தார். செருப்புச் சத்தம் தேய்ந்து, லிஃப்ட் இறங்கும் ஓசை கேட்கும்வரை காத்திருந்தார். பிறகு யோன்ஹீயைப் பார்த்துத் திரும்பினார்.

"கஞ்சி... நல்லா... இருக்கும்மா."

யோன்ஹீக்குத் தூக்கிவாரிப் போட்டது. குரலில் கோபமே இல்லை. நிதானமாக, ஒவ்வொரு வார்த்தையாகத் தேடி எடுத்து வைத்த பேச்சு.

"அண்ணே! திட்டாமலே பேசறீங்களே! எப்போலேர்ந்து?"

"கொஞ்ச... நாளா. தனியா... பழகிக்கிட்டேன்."

"அக்கா இதைக் கேட்டா எவ்வளவு சந்தோஷப்படுவாங்க! இருங்க, கூப்பிடறேன்!"

துள்ளி எழுந்தவளின் சட்டைக் கையை அவர் எட்டிப் பிடித்தார்.

"வேணாம். சொல்லிடாதே."

"ஏன் அண்ணே? உங்களைப் பேச வைக்கத்தானே அவங்க இந்தப் பாடு படறாங்க?"

தொக்பே கதவை ஒருமுறை பார்த்துக்கொண்டார். சிரித்தார். வாயின் ஒரு ஓரம் மட்டும் மேலே போனது.

"நான் விழுந்ததுலேர்ந்து... அவளுக்கு எந்நேரமும் அழுகை. சோறு இல்ல... தூக்கம் இல்ல." மூச்சு வாங்கிக்கொண்டார். அடுத்த வார்த்தைக்காக நெற்றியைச் சுருக்கித் தேடினார். கிடைத்ததும் கண் மின்னியது.

"என்னைத் திட்ட ஆரம்பிச்ச... அப்புறம்தாம்மா... அவ அழறதை நிறுத்தினா."