அண்ணன் தொழுவம்

குண்டு பட்டு இரண்டாவது மாடும் காலை உதைத்துக்கொண்டு சரிந்தபோது, அண்ணன் அரிவாளோடு பாய்ந்தான். நோய் மாடுகளைச் சுட வந்திருந்த துப்பாக்கிக்காரரின் தோளில் விழ வேண்டிய வெட்டு, குறுக்கே வந்த தம்பியின் முன்கையில் இறங்கியது.

"வேணாம் அண்ணே!" ரத்தம் சொட்டச் சொட்டத் தம்பி அவனை இடுப்போடு கட்டிப்பிடித்தான். "மாடு போனா இன்னொண்ணு வாங்கிக்கலாம். மனுசனை வெட்டினா நீ உள்ள போயிடுவே!"

"விடுடா!" அண்ணன் தலையாலேயே முட்டினான். தம்பியின் மூக்கு உடைந்தது. அப்போதும் அவன் பிடியை விடவில்லை. தேம்பித் தேம்பி அழுதான்.

இப்படியொரு தம்பி யாருக்குக் கிடைப்பான் என்று, உயிர் தப்பிய துப்பாக்கிக்காரருக்கே கண் கலங்கியது.

கால்நடை டாக்டரம்மா முகக்கவசத்தை இறக்கினார். "எனக்கு மட்டும் இது ஆசையாங்க? உங்க மாட்டு மூக்குச்சளியில கிருமி இருக்கு. பி.சி.ஆர். டெஸ்ட் ரெண்டு தடவை போட்டுப் பார்த்தாச்சு. இன்னிக்கு இதுங்களைக் கொல்லலைன்னா சுத்துவட்டாரத்துல ஒரு மாடு மிஞ்சாது. தெருக்கோடியில இருக்கிற உங்க தம்பி மாடுங்களாவது பிழைக்கட்டும்."

"உங்க டெஸ்ட்ல இடி விழ!"

சோதனைக்குச் சளி எடுத்தது டாக்டரம்மாதான். அண்ணன் மாடுகளின் சளிக் குழாய்கள் ஒரு பையில், தம்பி மாடுகளுடையவை இன்னொரு பையில். பைக்கு ஒரு பெயர்ச் சீட்டு. அவற்றை ஐஸ் பெட்டியில் வைத்து ஆய்வகத்துக்குத் தன் மோட்டார் சைக்கிளிலேயே கொண்டுபோய்ச் சேர்த்தவன் தம்பி.

துப்பாக்கிக்காரர் அடுத்த மாட்டின் நெற்றியில் குழலை வைத்தார். நிறைமாதச் சினை. தாயில்லாக் கன்றாக வந்ததைப் புட்டிப்பால் கொடுத்து அண்ணன் வளர்த்தது. அவனைக் கண்டதும் நாக்கை நீட்டி நக்க வந்தது.

அண்ணன் கையிலிருந்து அரிவாள் விழுந்தது.

"சுடாதீங்க! என் மாட்டுக்கு ஒண்ணுமில்ல!" அவன் குரல் கிழிந்தது. "டாக்டரம்மா, நீங்க கை கழுவப் போனப்ப ரெண்டு பை சீட்டையும் நான்தான் மாத்தி ஒட்டினேன். என் மாடு இருமிச்சு, பயந்துட்டேன். போனா இவனுது போகட்டும்னு நினைச்சேன். நோய் இவன் மாட்டுக்குத்தான்! அங்க போய்ச் சுடுங்க!"

துப்பாக்கி தாழ்ந்தது. டாக்டரம்மா தம்பியைப் பார்த்தார். அவன் அரிவாளை எடுத்துவிடுவானோ என்று துப்பாக்கிக்காரர் அதைக் காலால் மிதித்துக்கொண்டார்.

தம்பி குனியவில்லை. அண்ணனைச் சுற்றியிருந்த கை மட்டும் மெல்ல நழுவியது.

"வழியில நானும் மாத்தி ஒட்டினேன், அண்ணே."