இருபத்திமூன்றாவது தடவை

கிரேஸ் எக்ஸ்-ரே இயந்திரத்தின் சுவிட்சை அழுத்தினாள். பெட்டியின் மேல் மறுபடியும் எண்கள் ஓடின.

ஓடக் கூடாது.

இன்பசேகரன் மூடியைத் திருகித் திறந்தான். வானத்தின் எந்த மூலையில் புதிதாக எக்ஸ்-ரே கிளம்பினாலும் செயற்கைக்கோளில் சுழன்றபடியே பிடித்துவிடும் தொலைநோக்கி அது. லென்ஸ் கிடையாது. சுற்றிலும் ஈயத் தகடு, முகப்பில் ஒரே ஓர் ஊசித்துளை. நான்கு வருட வேலை.

துளையைத் தவிர வேறு வழியாகக் கதிர் நுழைந்தால், பெட்டி குப்பை.

அவனுடைய அதிகாரி குடும்பத்தோடு திருப்பதிக்குத் தரிசனத்துக்கு வந்திருந்தார். மாலை ஆறு மணிக்குள் சோதனைத் தாள் அவர் கைக்குப் போக வேண்டும். தவறினால் செயற்கைக்கோளில் அந்த இடம் வேறொருவன் கருவிக்கு.

அதனால்தான் ஞாயிறு ஆராதனை முடிந்த கையோடு, தங்கை கிரேஸ் வேலை பார்க்கும் இந்தச் சித்தூர் ஆஸ்பத்திரியின் எக்ஸ்-ரே அறையைத் திறக்கச் சொன்னான்.

இயந்திரத்துக்கு எதிரே வைத்தபோது பெட்டி கதிரை ஒழுங்காக எண்ணியது. அடுத்து, கதிரே வராத இடத்தில் அது பூஜ்யம் காட்ட வேண்டும். அந்த அறையில் அப்படி ஓர் இடம்தான் உண்டு. கிரேஸ் நின்று சுவிட்ச் போடும் தடுப்புப் பலகைக்குப் பின்னால். கதிரைத் தடுக்க உள்ளே ஈயம் பதித்த பலகை. ஐந்து வருடமாக அவள் நிற்கும் இடம்.

அங்கேயும் எண்கள் ஓடின.

மூலைகளை ஈயத்தால் அடைத்தான். இன்னொரு தடவை போடச் சொன்னான். உள்ளே கம்பியை மாற்றினான். இன்னொரு தடவை.

“இன்னாண்ணா, உன் பொட்டிக்குக் கண்ணு கூசுதா? கூலிங் கிளாஸ் வாங்கிப் போடு.”

சிரித்துக்கொண்டே அழுத்தினாள்.

இருபத்திரண்டாவது தடவை, வேறு வழி தெரியாமல், ஊசித்துளையையே ஈயத் துண்டால் மூடினான்.

பூஜ்யம்.

துண்டை எடுத்தான். இருபத்திமூன்று. எண்கள் ஓடின.

அப்படியானால் பெட்டியில் ஓட்டை இல்லை. கதிர் துளை வழியாகத்தான் வருகிறது. துளை பார்த்துக்கொண்டிருந்தது பலகையை.

பையிலிருந்த சாவியால் பலகையின் சாம்பல் நிறப் பெயின்ட்டைச் சுரண்டினான். மரம். விளிம்பில் குத்தி நெம்பினான். மரத்தூள் கொட்டியது. அடிவரைக்கும் மரம்தான், ஈயமே இல்லை.

சோதனைத் தாளில் இனி ஒரு சொல் எழுதினால் போதும். நான்கு வருடமாகக் காத்திருந்த சொல். பேனா நகரவில்லை.

“பாஸா, பெயிலா? சரியா வர்லைன்னா சொல்லுண்ணா, இன்னும் நாலு வாட்டி போட்டுத் தரேன்.”

பலகையை ஒட்டி நின்றிருந்தாள் கிரேஸ். ஒரு கை சுவிட்சின் மேல் தயாராக இருந்தது. இன்னொரு கை ஏழு மாத வயிற்றைத் தாங்கியிருந்தது.