கொடியும் கோடும்

“அந்தக் காதையும் காட்டுங்க” என்றார் விசாரணை அதிகாரியம்மாள், கையில் டார்ச் விளக்குடன்.

கொடிக்காரர் தலையைத் திருப்பினார். காதுக்குள் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. அதிகாரியம்மாள் ஆவலோடு இடுக்கியை விட்டு இழுத்தார். பஞ்சு!

“காது வலி, மேடம். எனக்குப் பின்னாடி கூட்டம் போடுற கூச்சல் இருக்கே...”

“பஞ்சுக் கதையெல்லாம் வேண்டாம். உங்களுக்குச் சேதி சொல்ற மிஷின் எங்க?”

பாவம், தலை நரைக்கும் வரை கால்பந்து மைதானத்தின் ஓரக் கோட்டில் கொடியோடு ஓடிய துணை நடுவர் அவர். இப்போதுதான் முதல்முறையாக இறுதிப் போட்டிக்கு அவரை அழைத்திருந்தார்கள். அதற்குள் இந்தப் புகார்.

நேற்றைய ஆட்டம் முடியும் தறுவாயில் ஒரு கோல் விழுந்தது. கொடிக்காரர் கொடியைத் தூக்கி, ஆஃப்சைட் என்றார். சக ஆட்டக்காரர் பந்தை உதைத்துத் தரும் நொடியில் எதிரணியின் கடைசித் தடுப்பாட்டக்காரரைத் தாண்டி நின்றவன் அடித்தால் அந்த கோல் செல்லாது. வீடியோ அறையும் திரையில் கோடு போட்டுப் பார்த்து, ‘ஆமாம், ஆஃப்சைட்தான்’ என்றது. கோல் மறுக்கப்பட்ட அணி கீழ்ப் பிரிவுக்கு இறங்கிவிட்டது.

“சீசன் முழுக்க உங்க கொடியில ஒண்ணைக்கூட வீடியோ மாத்தல” என்றார் அதிகாரியம்மாள். “தூக்குனாலும் ஆமாம் சாமி, தூக்காட்டியும் ஆமாம் சாமி. எதிர்ப் பக்கம் நிக்கிறவருக்கு வாராவாரம் தப்பு வருது. உங்களுக்கு மட்டும் கண்ணுக்குள்ள அளவுகோலா வச்சிருக்கு?”

“நான் என்ன மேடம் சொல்ல?”

“நான் சொல்றேன். வீடியோ ரூம்ல இருந்து உங்களுக்கு ஒருத்தன் சொல்லிக்கொடுக்கிறான். ஆள் யாருன்னும் தெரியும். உங்க சம்சாரத்தோட தம்பி!”

கொடிக்காரருக்குச் சுருக்கென்றது. “அவனா? அவன்கூட நான் பேசியே ஒரு வருஷமாச்சு.”

“மாட்டிக்கிட்டா எல்லாரும் இப்படித்தான் சொல்வாங்க. வாங்க மேல.”

சின்ன லீக் அது. இருப்பது ஒரே மைதானம். வீடியோ அறைக்கும் ஒரே ஆள், கொடிக்காரரின் மைத்துனர். மச்சானைக் கண்டதும் அந்த ஆள் எழுந்து நின்றார். ஆனால் முகத்தைப் பார்க்கவில்லை. சுவரில் வரிசையாகத் திரைகள். மூலைத் திரைமேல் ஒரு மழைக்கோட்டு தொங்கியது.

“இது ஆபீஸா, துணி காயப்போடுற இடமா?” என்று கடிந்துகொண்டே அதிகாரியம்மாள் நாற்காலியை இழுத்துப் போட்டார். “பழைய பதிவெல்லாம் ஓட்டுங்க.”

எதிர்ப் பக்கத்து ஆஃப்சைட் என்றால் மைத்துனர் படத்தை முன்னும் பின்னும் உருட்டியிருந்தார். பெரிதாக்கி, சிறிதாக்கி, தவித்துத்தான் கோடு போட்டிருந்தார். மச்சான் பக்கம் வந்தால் படம் சற்றே சாய்வாக இருந்தது. ஆனால் தவிப்பே இல்லை. கொடி எழுந்தது, கோடு விழுந்தது.

“அங்க அவ்வளவு யோசனை. மச்சான் பக்கம்னா மட்டும் கை தானா ஓடுதோ?”

மைத்துனர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

“பேச்சு நின்னுபோச்சுன்னு சொன்னீங்களே, எதுக்கு?” அதிகாரியம்மாள் கொடிக்காரர் பக்கம் திரும்பினார்.

“இந்த ரூமைத் திறந்த அன்னைக்கு, சொந்தபந்தம் எல்லாம் நிக்கிறப்போ, ‘மச்சான், இனி உங்க கொடியைத் தோட்டத்துல காக்கா விரட்ட வச்சுக்கங்க’ன்னான். எல்லாரும் சிரிச்சாங்க. என் பொண்டாட்டியும் சிரிச்சா. அதுக்கப்புறம் இவன் முன்வாசல்ல வந்தா நான் பின்வாசல்ல போயிடுவேன்.”

“அப்போ ஒரு தப்புகூட எப்படி வரல? இறுதிப் போட்டிக்குப் போகணுமா, வேண்டாமா? உண்மையைச் சொல்லுங்க.”

கொடிக்காரர் கண்களைக் கசக்கிக்கொண்டார்.

“கண்ணு முன்ன மாதிரி இல்ல, மேடம். லேசா சந்தேகம் வந்தாலே கொடியைத் தூக்கிடுவேன். தப்புன்னா மேல மிஷின் மாத்திடும்கிற தைரியம். ஆனா அது மாத்தவே இல்ல. எனக்கே ஆச்சரியம்! இந்த வயசுலயும் இவ்வளவு சரியாப் பாக்குறோமேன்னு வீட்டுல பெருமையடிச்சுக்கிட்டேன்.”

அதிகாரியம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டார்ச்சைப் பைக்குள் போட்டார்.

“அவ்வளவுதானா? சந்தேகத்துல தூக்குறது குத்தமில்ல. திருத்தத்தானே லட்சக்கணக்குல கொட்டி இதை வாங்கி வச்சிருக்கோம்? போய் இறுதிப் போட்டிக்குத் தயாராகுங்க.”

கொடிக்காரர் மூச்சை விட்டார். ஆனால் மைத்துனரின் முகம் வெளுத்துப் போயிருந்தது.

“உங்களுக்கென்ன வந்துச்சு? பேய் அறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க?”

அவர் மூலைக்குப் போனார். மழைக்கோட்டை மெல்ல எடுத்தார். மற்றத் திரைகளில் மைதானம் பச்சைப்பசேலென்று ஒளிர, இந்தத் திரை மட்டும் இருண்டு கிடந்தது.

“மச்சான் பக்கத்து கேமரா, மேடம். சீசன் ஆரம்பத்துல மழை பெஞ்சப்போ போனது. கேக்குறப்பல்லாம் ‘புதுசு வருது, வருது’ன்னாங்க. நடு கேமராவுல படம் சாய்வாத்தான் விழும். கோட்டை எங்க வேணா இழுக்கலாம்.”

“அப்போ இத்தனை நாளா எதை வச்சுய்யா கோடு போட்ட?”

ஒரு வருஷத்துக்குப் பிறகு மைத்துனர் மச்சானை நேருக்கு நேர் பார்த்தார்.

“உங்க கொடியைப் பாத்துத்தான், மச்சான்.”