வெகுமதிக் குதிரை

தோணியிலிருந்து குதிரையை இறக்க ஆறு பேர் வேண்டியிருந்தது.

அவன் தலைப்பாகையை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு கரையில் நின்றான். அரண்மனையிலிருந்து எது வந்தாலும் மணியக்காரன் அப்படித்தான் நிற்க வேண்டும். ஓலை வந்தாலும் சரி, குதிரை வந்தாலும் சரி.

பின்னால் ஊர் நின்றது. முப்பது வீடு. தண்ணீர் முறைக்குக் கிணற்றடிக்கு வந்தவர்கள் நிறைத்த குடத்தோடு அப்படியே கரைக்கு வந்திருந்தார்கள்.



வெள்ளைக் குதிரை. அழகு என்றால் அப்படி ஓர் அழகு. இல்லையென்று சொல்ல முடியாது.

கூட வந்த அரண்மனைச் சேவகன் ஓலையை விரித்து வாசித்தான். சித்திரையில் நம் குதிரைக் கப்பல் காற்றில்லாமல் பதினொரு நாள் உன் தீவில் கிடந்தது. ஏழு குதிரையில் ஒன்றுகூடத் தாகத்தால் வாடவில்லை. நம் மனம் குளிர்ந்தது. இந்தக் குதிரையின் மேல் ஏறி இருந்து தீவை ஆண்டு வருவாயாக.

நல்ல மனசுதான் ராஜாவுக்கு. யார் இல்லையென்றது?

ஆளுவதற்கு அங்கே என்ன கொட்டிக் கிடக்கிறது? காலையில் நடக்க ஆரம்பித்தால் வெயில் ஏறுவதற்குள் சுற்றி வந்துவிடலாம். பனை, உவர் மண், நண்டு. நடுவில் ஒரே ஒரு நல்ல தண்ணீர்க் கிணறு. கோடையில் நாளைக்கு முப்பது குடம் ஊறும். வீட்டுக்கு ஒன்று.

குதிரைக்கு நாலு.

அந்தப் பதினொரு நாளும் அரண்மனை கொடுத்த வாளோடு கிணற்றடியில் நின்றவன் அவன்தான். குதிரை குடித்த பிறகுதான் ஊர் என்றான். ஏழு குதிரை குடித்த பிறகு என்ன மிஞ்சும்? ஜனங்கள் நுங்கைச் சீவிக் குடித்தார்கள். கடலோர ஊற்றில் உப்புத் தண்ணீரை மொண்டு குடித்தார்கள்.

ஒன்பதாம் நாள் இருளாயியின் பிள்ளை போய்ச் சேர்ந்தது. கைப்பிள்ளை. வயிற்றால் போய், நாக்கு வறண்டு.

அன்றிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. வெட்கம். வேறு ஒன்றுமில்லை, வெட்கம்தான்.

சேவகன் ஓலையைச் சுருட்டினான். வெகுமதி கொடுத்தால் வழக்கமாகச் சொல்ல வேண்டியதை எல்லார் காதிலும் விழும்படி சொன்னான்.

"கட்டுத்தறியில் குதிரை செத்தால் ஊர் பதில் சொல்லணும். சவாரியில் செத்தால் ஏறினவன் பதில் சொன்னால் போதும்."

வடக்குத் தீவில் ஒரு வெகுமதிக் காளை சீக்கு வந்து செத்தது. கட்டுத்தறியில்தான். அந்தத் தீவில் இப்போது ஆள் கிடையாது.

வேண்டாம் என்று திருப்பி அனுப்பலாமே என்றால், அப்படி அனுப்பியவனைப் பற்றி யாரும் கேள்விப்பட்டதில்லை.

அவன் குதிரையின் காலடியில் விழுந்து எழுந்தான். மணல் நெற்றியில் ஒட்டியது. ஆவணி மழைக்கு இன்னும் இரண்டு மாதம். இனி தினம் நாலு வீடு தண்ணீர் இல்லாமல் கிடக்கும். ஊரில் கைப்பிள்ளை உள்ள வீடு எத்தனை? அவனுக்குத் தெரியும். ஐந்து.

அப்போதுதான் இருளாயி முன்னால் வந்தாள்.

அவனைத் திட்டத்தான் வருகிறாள் என்று நினைத்தான். திட்டட்டும், நல்லது என்றும் நினைத்தான்.

அவள் அவனைப் பார்க்கவேயில்லை. தன் குடத்தைக் குதிரையின் முன்னால் இறக்கி வைத்தாள். யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை. இந்த ஊரை அவன் அப்படிப் பழக்கிவிட்டிருந்தான்.

குதிரை குடித்தது. அதற்கு என்ன தெரியும், பாவம்.

அடுத்து செல்லையன் குடத்தை வைத்தான். அதற்கடுத்தவள் இடுப்பில் பிள்ளையோடு வரிசையில் நின்றாள்.

"போதும்" என்றான் அவன்.

குரல் அவனுக்கே அந்நியமாக இருந்தது. சேவகன் பக்கம் திரும்பினான்.

"வெகுமதியில் ஏறிக் காட்டாமல் உங்களை அனுப்பினால் மரியாதை இல்லை. இருந்து பார்த்துவிட்டு, பார்த்ததை ராஜ சமூகத்தில் சொல்லுங்கள்."

சேவகனுக்குச் சந்தோஷம். அவனே கடிவாளத்தைப் பிடித்து ஏற்றிவிட்டான்.

மணியக்காரன் அதுவரை குதிரையில் ஏறியதில்லை. பிடரி மயிரைப் பற்றிக்கொண்டான். பயம்தான். மேலே இருந்து பார்த்தபோது ஊர் முழுக்கத் தெரிந்தது. கூட்டத்தின் ஓரத்தில் அவன் மனைவி பொன்னாத்தாள் நின்றாள். அவளிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏறியிருக்க முடியாது.

குதிரையைத் தெற்கு முனைக்கு விட்டான்.

வற்றம் தொடங்கி, கடல் உள்வாங்கிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் தெற்கு முனை நீரோட்டத்தில் தோணிகூட இறங்காது. பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். சேவகன் ஒருவனுக்குத்தான் தெரியாது.

குளம்பு நனைந்தது. பிறகு முழங்கால். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. குதிரை தயங்கியது. அவன் அதன் கழுத்தைத் தடவிக் கொடுத்தான். உன்மேல் கோபம் இல்லை என்று சொல்ல வேண்டும் போலிருந்தது.

கரையில் சேவகனின் சிரிப்பு நின்றது.

"எங்கே போகிறார்? தோணியைத் தள்ளுங்கடா" என்று கத்தினான். யாரும் அசைந்ததாகத் தெரியவில்லை. "இவருக்கு நீச்சல் தெரியுமா?"



அவன் திரும்பிப் பார்க்கவில்லை. கடிவாளத்தைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டான்.

"நல்லாத் தெரியும்" என்றாள் பொன்னாத்தாள்.

பதினெட்டு வருஷத்தில் அவள் பொய் சொல்லி அவன் கேட்டதில்லை.

குதிகாலால் குதிரையைத் தட்டினான்.