மூன்று தட்டுக் கணக்கு

பள்ளியில் கொடுத்த தொடுதிரைக் கணக்குப் பலகை, கண்ணால் காணாத ஆப்பிளையும் ஆரஞ்சையும் வைத்துக் கணக்குப் போடாது. பிள்ளையின் வீட்டில் இருப்பதை வைத்துத்தான் போடும். ஃப்ரிட்ஜில் எத்தனை முட்டை என்பதுகூட அதற்குத் தெரியும். ஒரு கணக்கிலும் அது பொய் சொன்னதில்லை என்று ஜெசிந்தாவே அக்கம்பக்கத்தில் பெருமை பேசியிருக்கிறாள்.

காலையில் ஸ்கேன் எடுத்துவிட்டு வந்த கணவன் உள்ளே படுத்திருந்தான். ரிப்போர்ட் நாளைக்குத்தான் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஒன்றாம் வகுப்பு படிக்கும் மகள் ரோஷினி பலகையை எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

“உன் வீட்டில் சாப்பிட மூன்று தட்டு வைக்கிறார்கள். கிறிஸ்துமஸ் அன்று ஒன்று குறையும். மீதி எத்தனை?”

“ரெண்டும்மா” என்று விரலைக் கொண்டுபோனவளின் கையை ஜெசிந்தா பிடித்துக்கொண்டாள்.

“மூணுன்னு போடு.”

போட்டாள். தவறு, மறுபடி முயற்சி செய் என்றது பலகை.

“இன்னொரு தடவை மூணு போடு.”

தவறு என்றது, அதே கனிவான குரலில். மூன்றாவது முறை ஜெசிந்தாவே அழுத்தினாள்.

ரோஷினி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு, பலகை தனக்குச் சொல்லிக்கொடுத்தபடியே, அம்மாவின் மூன்று விரல்களை நிமிர்த்தி, அதில் ஒன்றை மெல்ல மடக்கிக் காட்டினாள்.