நொண்டிச்சாக்கு

அலுவலகத்துக்குள் யார் எதைப் பேசினாலும், வாசலிலேயே மாட்டிவிடும் கழுத்துப்பட்டை அதை மரியாதையாகத் திருத்தித்தான் வெளியே விடும். சக்கர நாற்காலியில் வந்த பியூலாவைக் கண்டதும் குமாஸ்தா எழுந்து கும்பிட்டார்.

“வாங்க, தங்கநடைத் திலகமே!”

போன வருஷத்து அரசாணைப்படி அவள் ‘தனிநடைச் செல்வி’யாக இருந்தாள், அதற்கு முன்னால் என்ன எழவோ, அவளுக்கே மறந்துவிட்டது.

“ஆபீசரைப் பாக்கணும் சார்.”

“மூணாவது மாடியில இருக்காரும்மா. லிஃப்ட் ரிப்பேர்.”

“நான் வர்றப்பல்லாம் இதே நொண்டிச்சாக்கா?” என்றாள் எரிச்சலாக.

பட்டை சிவப்பாக மின்னி, “இதே தங்கநடைச் சாக்கா?” என்று குழைந்தது.

குமாஸ்தா பதறினார். “உங்களை நீங்களே தாழ்த்திப் பேசலாமா? எங்க மனசு என்ன பாடுபடும்!”

பியூலா பட்டையைக் கழற்றி அவர் மேசைமேல் போட்டாள்.

“பேரை மட்டும் வருஷா வருஷம் மேல மேல ஏத்துறீங்க. இந்த நொண்டியை எப்ப சார் ஏத்துவீங்க?”